செத்த ராஜாவின் சட்டை

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் துணிக்குப் பஞ்சம் வந்திராவிட்டால், நாடகத்தில் ஒரு காட்சியை அடுத்த காட்சியோடு ஒட்டவைக்க நான் கற்றிருக்கவே மாட்டேன். எங்கள் கொட்டகையின் முன்திரையை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரம் முதல் வரிசையில் ஒருவர் தாமரைப்பூப் போட்ட கால்சட்டையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அது எங்கள் திரையில் இருந்த தாமரைதான்.

எங்கள் நாடகத்துக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. கதை தெரியும், பேச்சு வாயில் வருவதுதான். ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை பேசி இரண்டையும் இணைப்பது பபூனான என் வேலை. திரை இருந்தவரை இரண்டு குட்டிக்கரணம் போதும். திரை போனதும் எல்லாம் என் தலையில் விழுந்தது. பயத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை மீறி வரும் ஒரே பேச்சு மரவள்ளிக்கிழங்கு. அரண்மனையிலிருந்து காட்டுக்குப் போனாலும் மரவள்ளி, காட்டிலிருந்து சிறைக்குப் போனாலும் மரவள்ளி.

"வீட்டுலதான் அதுன்னா இங்கயுமா லா, அண்ணே?" என்று கூட்டத்திலிருந்து ஓர் அக்கா கேட்டேவிட்டாள்.

குழுவை நடத்திய ஹார்மோனியக்காரர் மறுநாள் மதியம் தீர்த்துச் சொன்னார்: "தம்பி, இன்னைக்கும் கிழங்கைப் பத்தி வாயைத் திறந்தே, நாளையிலேருந்து வேற ஆளு." எங்களுக்குக் கூலி அரிசி. வேலை போனால் வீட்டில் வெறும் கிழங்குதான்.

அன்றைய நாடகத்தில், போரில் நல்ல ராஜா செத்து விழுந்தார். அடுத்தது எதிரி ராஜாவின் தர்பார். குழுவிலேயே சரிகைச் சட்டை ஒன்றுதான். அது இப்போது பிணத்தின் மேல் இருந்தது. திரை இருந்தபோது பிணம் எழுந்து போய்க் கழற்றிக் கொடுக்கும். இத்தனை பேர் பார்க்க எப்படி எழும்? திரை போனபின் இந்தக் கதையைப் போடுவது அதுதான் முதல் தடவை. ஒருவருமே இதை யோசிக்கவில்லை. எதிரி ராஜா பனியனோடு ஓரத்தில் நின்று எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தேன். "மர..." என்று வந்தது. ஹார்மோனியம் நின்றது. மிச்சத்தை விழுங்கினேன். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சரிகை கண்ணில் பட்டது.

"செத்தவருக்கு எதுக்குச் சட்டை? உயிரோட இருக்கிற நாமளே சாக்கைச் சுத்திக்கிட்டுத் திரியிறோம்," என்று பொத்தானில் கை வைத்தேன். கொட்டகை சிரித்தது. ஆனால் அது பிணமாகக் கிடந்த நடிகரின் சொந்தச் சட்டை. பிணம் கையை இறுக்கிக்கொண்டது.

"டேய், பொத்தான் போச்சுன்னா வேற கிடைக்காது," என்றது, உதடு அசையாமல்.

"விடுங்கண்ணே, போற இடத்துல எல்லாம் கிடைக்கும்."

"வேட்டியையாவது விட்டு வை, தம்பி," என்றார் தாமரைக் கால்சட்டைக்காரர்.

சட்டையைக் கொண்டுபோய் எதிரி ராஜாவிடம் நீட்டினேன். "ஜெயிச்சது நீங்க. போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க." அவர் பொத்தானை மாட்டியபடியே வந்து சிம்மாசனத்தில் அமர்ந்தார். போர்க்களம் தர்பாராகிவிட்டது. "தர்பார்ல இது என்னடா குப்பை?" என்று அவராகவே ஒரு வசனமும் எடுத்துக் கொடுத்தார். நான் பிணத்தைக் காலைப் பிடித்து இழுத்துப் போனேன்.

நாடகம் முடிந்ததும், இனிமேல் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சாவேன் என்று செத்த ராஜா பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னார். ஹார்மோனியக்காரர் எனக்கு அரிசியை அளந்து போட்டார்.

வீட்டில் என் மனைவி அரிசியைக் கண்டதும் பானையை ஏற்றினாள். "இது எத்தனை நாளைக்கு வரும்?" என்று பாதிக்குப் பாதி மரவள்ளியை அரிந்து போட்டாள்.

கிழங்கைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.