எங்க வீட்டுப் பர்ஸ்தான்

எங்கள் தெருவில் ஒரு கையுறை மூன்று வாரமாக வேலியில் மாட்டிக் கிடக்கிறது. சிவப்புக் கம்பளி, குழந்தைக் கை அளவு. தள்ளுவண்டியில் போன ஏதோ ஒரு குழந்தை கழற்றி எறிந்திருக்கும். இந்த பிரேமன் நகரத்தில் கீழே கிடக்கும் பொருளை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. யாருடையது என்று கேட்டு நாலு கதவைத் தட்டுவதும் இல்லை. குனிந்து எடுத்து, கண்ணில் படும் உயரத்தில் வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். தொலைத்தவர் அதே வழியில் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனிக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து அசந்துபோய் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "யாரு புள்ளைதுன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? கை வெறைக்குமே அதுக்கு" என்றாள் அம்மா. அவளுக்கு இந்த ஊர் ஒழுங்கு புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு வருடத்துக்கு முன் என் பர்ஸே இங்கே டிராமில் தொலைந்தது. அடுத்த நிறுத்தத்துக்குள் வங்கி அட்டைகளை முடக்கினேன், அன்றே போலீஸில் இணையம் வழியாகப் பதிந்தேன், ஃபுண்ட்பியூரோ என்கிற தொலைந்த பொருள் அலுவலகத்துக்குப் படிவம் அனுப்பினேன். பதினோராம் நாள் கடிதம் வந்தது. கவுண்டரில் இருந்த அம்மாளிடம் டிராமில் என்ன நடந்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, "நிறம் மட்டும் சொல்லுங்கள்" என்றார். பழுப்பு என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். எடுத்துக் கொடுத்தவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த ஊரில் பொருள்கூட ஒழுங்காகத்தான் தொலையும் என்று என் சொந்த ஊரான கடலூரில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். முக்கியமாக என் தங்கை செலினின் கணவர் சகாயராஜ் காதில் விழும்படி சொன்னேன்.

சகாயராஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எந்த வீட்டில் எந்த வருடம் எந்த பேட்டரி போட்டது என்று அவருக்குத் தெரியும். புயல் அடித்துக் கரண்ட் போனால் ஆஸ்பத்திரிக்காரரும் அவரைத்தான் கூப்பிடுவார், கல்யாண மண்டபக்காரரும் அவரைத்தான் கூப்பிடுவார். அப்பா இறந்தபோது நான் மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தேன். கல்லறைவரை தோள் கொடுத்தவர் அவர். அதன் பிறகு செலினும் அவரும் அம்மாவோடு எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். பகலில் அம்மா அவருடைய கடையில்தான் கல்லாப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். நியாயமாக நான் நன்றியோடு இருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. அதற்கு மரியாதையான வேறு சொல் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு கேட்டைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். அவர் ஒரு கையால் திறப்பார், நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதோடு மல்லுக்கட்டுவேன். சாப்பிட உட்கார்ந்தால் அம்மா எனக்குப் புதுத் தட்டு எடுத்து வைப்பாள், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பா" என்பாள். அவரைப் பார்த்து, "சட்டைய அங்கயே கழட்டிப் போட்டுட்டுப் போனா யாரு எடுக்கறது தம்பி?" என்று திட்டுவாள். அந்தத் திட்டைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரியும். என்னை அம்மா திட்டிப் பல வருடம் ஆகிறது.

போன ஆகஸ்டில் பத்து நாள் விடுப்பில் தனியாகப் போயிருந்தேன். வியாழக்கிழமை விமானம். சனிக்கிழமை என் மகள் அனிதாவுக்குப் பள்ளியில் முதல் நாள். இங்கே அது ஒரு திருவிழா. ஷூல்டியூட்டெ என்று குழந்தை உயரத்துக்கு ஒரு காகிதக் கூம்பு, அது நிறைய மிட்டாயும் பென்சிலும் போட்டுப் பெற்றோர் கொடுப்பார்கள். அந்தக் கூம்பை நான்தான் ஒட்டி வைத்திருந்தேன், நானே கையில் கொடுப்பதாகவும் சொல்லியிருந்தேன். அதற்கு முன் செவ்வாய்க்கிழமை, நான் படித்த கல்லூரியில் ஒரு சான்றிதழ் வாங்கச் சிதம்பரம் போக வேண்டியிருந்தது. "வண்டில கொண்டாந்து வுடறேன் மச்சான், எனக்கும் கீழ வீதில ஒரு வேல இருக்குது" என்றார் சகாயராஜ். வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். நான் பிறந்து வளர்ந்த ஊரில் எனக்கு வழி காட்ட இன்னொருத்தர் எதற்கு என்று இருந்தது.

சான்றிதழ் சீக்கிரமே கிடைத்துவிட்டது. கீழ வீதியில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். அந்த ருசியில் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருக்க வேண்டும், இது என் ஊர்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தனியார் பஸ் ஒன்றில் ஏறினேன். பிரேமனில் வைப்பதுபோல் பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்திருந்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் காற்றுக்குக் கண் சொக்கிவிட்டது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அம்மாவுக்குக் கொய்யாப்பழம் வாங்கக் கையை விட்டால் பாக்கெட் காலி. திரும்பிப் பார்த்தேன், பஸ் அடுத்த நடைக்குச் சிதம்பரம் கிளம்பிப் போயிருந்தது. ரூபாய் போனால் போகட்டும். பர்ஸில்தான் என் ஜெர்மன் வசிப்பிட அட்டை இருந்தது. பாஸ்போர்ட் வீட்டில் பத்திரமாக இருந்தாலும், அந்த அட்டை இல்லாமல் வியாழக்கிழமை விமானம் ஏற முடியாது. கொய்யாப்பழத்தைத் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அம்மா புனித அந்தோணியார் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பொருள் காணாமல் போனால் எங்கள் வீடுகளில் முதல் புகார் அவரிடம்தான். "கோடி அற்புதரே, இன்னைக்கு ஒங்க கெழம. பர்ஸக் காட்டிக் குடுத்துடுங்க, அடுத்த செவ்வா நூறு பேருக்கு ரொட்டி குடுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டாள். சகாயராஜ் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டார்: "பஸ்ஸு இன்னா கலரு மச்சான்?"

"பச்சையோ நீலமோ. கவனிக்கல மாப்ள."

"கண்டக்டரு எப்பிடி இருந்தாரு? கண்ணாடி போட்டவரா?"

அதுவும் தெரியவில்லை. டிக்கெட்டையும் எறிந்துவிட்டேன். "பரவால்ல, டென்சன் ஆவாதீங்க. பஸ் ஸ்டாண்ட்ல நாலு பேருக்குப் போன் போடறேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடும்" என்றார். அவ்வளவு சாதாரணமாக அவர் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் பர்ஸ், என் விமானம், என் மகள். அதில் இவர் நாலு பேருக்குப் போன் போட்டு ஜெயிப்பாரா? பர்ஸ் தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும் என்று காட்ட நினைத்தேன். மடிக்கணினியைத் திறந்தேன். வங்கி அட்டைகளை முடக்கினேன். காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்த பதிவைப் போட்டு ரசீது எடுத்தேன். ஒவ்வொன்றாக முடிய முடிய எனக்குள் ஒரு குஷி. சகாயராஜ் போனைக் காதில் வைத்தபடியே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கடைசியாக பிரேமன் வெளிநாட்டவர் அலுவலகத்தின் பக்கம். அட்டை தொலைந்ததாகப் பதிந்தால், பிறகு கிடைத்தாலும் அது செல்லாது என்று கீழே சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. படித்தேன். அவருக்கு ஜெர்மன் தெரியாது, ஆனால் என் கை ஒரு நொடி நின்றது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மச்சான், இத மட்டும் சாயங்காலம் அமுக்கிக்கலாமே" என்றார்.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை பொறுத்திருப்பேன். "அங்கல்லாம் அப்பிடிக் கெடையாது மாப்ள" என்று சொல்லி, அழுத்தினேன்.

இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சகாயராஜின் போன் அடித்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர். சீட்டில் கிடந்த பர்ஸை எடுத்த கண்டக்டர், டீ குடித்துக்கொண்டே அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். எல்லா அட்டையும் வாயில் நுழையாத பாஷையில் இருந்திருக்கிறது. ஊர் முகவரி என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இருந்த ஒரே தடயம் அம்மாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதை டீக்கடைக்காரரிடம் நீட்டியிருக்கிறார். டீக்கடைக்கு இன்வெர்ட்டர் போட்டது சகாயராஜ். பேட்டரி வாங்க வந்தபோது கல்லாவில் அம்மாவைப் பார்த்தவர் இந்த டீக்கடைக்காரர். போனில் அவர் குரல் எனக்கே கேட்டது: "பேட்டரிக்காரரே, ஒங்க மாமியா போட்டோ வெச்ச பர்ஸு ஒண்ணு கெடக்குது. ஒங்களுதா?"

"ஆமாண்ணே, எங்க வீட்டுப் பர்ஸ்தான்" என்றார் சகாயராஜ்.

அதில் தப்பே இல்லை. எங்கள் வீட்டுப் பர்ஸ்தான். ஆனாலும் அந்தச் சொல் என்னைத் தைத்தது. அடுத்த நடையில் பஸ் கடலூர் வந்தது, நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பஸ் நீலம், கண்டக்டர் கண்ணாடி போட்டவர். என்னைத் தாண்டிப் போய் சகாயராஜ் கையில் பர்ஸைக் கொடுத்தார். இருவரும் பேட்டரிக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பேசினார்கள். போகும்போதுதான் என்னைக் கவனித்து, "சார் யாரு?" என்று கேட்டார். "எங்க மச்சான். ஊருக்கு வந்திருக்காரு" என்றார் சகாயராஜ். பர்ஸில் எதுவும் குறையவில்லை. வசிப்பிட அட்டை அதே இடத்தில் பளபளவென்று இருந்தது. செத்துப்போயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலைச்சல். பிரேமனுக்குப் போன் போட்டால், பதிவைத் திரும்பப் பெற முடியாது, சென்னையில் துணைத் தூதரகத்தில் நுழைவு விசா வாங்கி வந்து புது அட்டைக்கு எழுதுங்கள் என்றார்கள். மூன்று வாரம் ஆனது. வியாழக்கிழமை விமானம் நான் இல்லாமல் போனது. சனிக்கிழமை கூம்பை என் மனைவி மெர்சி கொடுத்தாள், மாடிவீட்டுக்காரர் படம் எடுத்தார். வீடியோ அழைப்பில் அனிதா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கூம்பு அவள் முகவாய்வரை இருந்தது. "பாப்பா, அப்பா பர்ஸைத் தொலைச்சிட்டேன்டா" என்றேன். "ஆனா கெடச்சிடுச்சின்னு அம்மா சொன்னாங்களே? அப்புறம் ஏன் வரல?" என்று கேட்டாள். ஆறு வயதுக்காரியிடம் மாமா மேல் அப்பாவுக்குப் பொறாமை என்றா சொல்ல முடியும்? சிக்னல் சரியில்லை என்றேன். பக்கத்தில் இருந்த சகாயராஜ் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த மனிதர் அன்றும் சரி, என்னோடு மூன்று முறை சென்னைக்கு வந்த வழியிலும் சரி, நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

அந்த மூன்று வாரத்தில் ஒன்று நடந்தது. அந்தோணியாருக்கு நேர்ந்த ரொட்டியைக் கோயிலில் கொடுத்துவிட்டு வந்த செவ்வாய்க்கிழமை, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டேன். "ஏன்டா, கொடி கண்ணுக்குத் தெரியலயா? எத்தன நாளைக்கு நான் ஒன் பின்னாலயே பொறுக்கிட்டு வர்றது?" என்று அம்மா கத்தினாள். திட்டு வாங்கிய சந்தோஷத்தில் ஓடிப்போய்த் துண்டை எடுத்தேன். துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் அம்மா, "தம்பி இருந்தா இப்பிடிப் போடாது" என்றாள். தம்பி என்றது, சட்டையைக் கழற்றிப் போட்டுத் திட்டு வாங்கும் அதே சகாயராஜை. வந்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

பிரேமன் திரும்பியதும் புது அட்டைக்காக அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள். தொலைந்து அதே நாளில் எப்படிக் கிடைத்தது என்று அந்த அதிகாரிக்குச் சந்தேகம்.

"எடுத்தவருக்கு உங்கள் முகவரி எப்படித் தெரிந்தது?"

"தெரியாது. பர்ஸில் என் அம்மா படம் இருந்தது."

அவர் பேனாவை நிறுத்தினார். "உங்கள் அம்மா பிரபலமானவரா?"

"இல்லை. பேட்டரிக் கடையில் உட்கார்ந்திருப்பார்."

"உங்கள் கடையா?"

"இல்லை" என்றேன். அவர் என்ன எழுதிக்கொண்டார் என்று தெரியவில்லை. புது அட்டை தபாலில் வந்தது.

ஊரிலிருந்து கிளம்பிய அன்று சகாயராஜ் என் பர்ஸை வாங்கி, அம்மா படத்துக்குப் பின்னால் எதையோ சொருகிக் கொடுத்தார். விமானத்தில்தான் பார்த்தேன். அவர் கடை விசிட்டிங் கார்டு. மேலே பேட்டரி படம், கீழே அவர் பெயர், திருப்பாதிரிப்புலியூர் முகவரி, போன் நம்பர். இங்கே கடையில் காசு கொடுக்கப் பர்ஸைத் திறந்தால் ஒரு பக்கம் அம்மா சிரிக்கிறாள். படத்தின் உறையைத் திருப்பினால் அவர். இரண்டு முறை அதை உருவி எடுத்தேன். ஒரு முறை குப்பைத்தொட்டி மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு பழையபடி அம்மாவுக்குப் பின்னாலேயே சொருகி வைத்தேன். அடுத்த முறை போகும்போது அந்தக் கார்டு இல்லாமல் என் ஊரில் நான் பஸ் ஏற முடியாது.