புருவ மேடு

மகள் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? கெலுகோரில் அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரமாக ஆதி மனிதர் கண்காட்சி. போன சனிக்கிழமை போனேன். கவிதாதான் அங்கே வழிகாட்டி. கழுத்தில் அட்டை, கையில் சின்னக் குச்சி... பெருமையாகத்தான் இருந்தது.

ஆளுயரப் பொம்மை ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இவர் ஹோமோ எரெக்டஸ்மா. ஆதி மூதாதை. ஜாவாவுலகூட இவங்க எலும்பு கிடைச்சிருக்கு. கழுத்துக்குக் கீழ பாரும்மா, நம்மள மாதிரிதான் லா. நீளக் கால், நிமிர்ந்த நடை. தலைதான் வேற. நெத்தி பின்னால சரிஞ்சிருக்கும். தாடை பெருசு, ஆனா மோவாய் கிடையாது. புருவ எலும்பு மேடு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்."

மற்றதெல்லாம் எங்கே காதில் விழுந்தது? நான் புருவத்திலேயே நின்றுவிட்டேன். அது என் வீட்டுக்காரருடைய புருவம்!

சிரிக்காதீர்கள். அவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. இருந்தவரை, அவரை ஏற்றிப்போகும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ் வருவதற்குள் தினமும் நான்தான் அவருக்குத் திருநீறு பூசிவிடுவேன். மற்றவர்களுக்குப் பூசும்போது கண்ணில் விழாமல் இடது கையால் மறைப்போம், இல்லையா? அவருக்கு அது தேவையே இல்லை. உதிர்வதெல்லாம் அந்தப் புருவ மேட்டிலேயே தங்கிவிடும். கட்டைவிரலால் துடைத்துவிடுவேன் — அதற்காகவே கொஞ்சம் அதிகமாகப் பூசியதும் உண்டு.

அந்தப் பழக்கத்தில், போன மாதம் பரீட்சைக்குக் கிளம்பிய கவிதாவுக்கும் மறைக்காமல் பூசிவிட்டேன். கண்ணெல்லாம் திருநீறு. கசக்கிக்கொண்டே போனாளே தவிர, அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போனதிலிருந்தே அப்படித்தான். மறந்துவிட்டாளோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே வருத்தம்.

பொம்மையின் புருவத்தை நோக்கிக் கை தானாக நீண்டது. ஒரே ஒரு முறை, கட்டைவிரலால்... அவ்வளவு ஏக்கம். ஆனால் 'தொடாதீர்கள்' என்று மூன்று மொழியில் பலகை வைத்திருக்கிறார்களே!

"இந்தப் புருவம் எதுக்கு இவ்வளவு பெருசு?" என்று கேட்டுச் சமாளித்தேன்.

"யாருக்கும் உறுதியா தெரியலம்மா. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

கவிதா என் கையைப் பார்த்தாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்தாள். கூட்டம் அடுத்த அறைக்குப் போயிருந்தது.

"சீக்கிரம் தொடும்மா. நான் தினமும் காலைல தொட்டுட்டுத்தான் வேலைய ஆரம்பிக்கிறேன்."

தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளைத் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்!