கத்தி பிடித்த கையில் கட்டிய வாட்ச்

அக்காள் மாப்பிள்ளை துபாய் வேலையை முடித்துக்கொண்டு வந்தபோது சர்க்கரை வியாதியையும் கூடவே கொண்டுவந்தார். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றுவிட்டார் டாக்டர். அத்தானின் அப்பாவுக்கு ஊசி போடத் தொடங்கிய வருடமே ஒரு கால் போனது. அடுத்த வருடம் ஆளும் போனார். அதனால் ஊசி என்றாலே அத்தானுக்குச் சவப்பெட்டி ஞாபகம்தான் வரும்.

அருமனையில், ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோட்ட பழைய கட்டிடத்தில் ஒரு ஜிம் இருந்தது. அத்தானும் நானும் சேர்ந்தோம். எரித்த கலோரியைக் காட்டும் வாட்ச் ஒன்று அத்தானிடம் இருந்தது. எரித்த அளவுக்குத் தின்னலாம் என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம்.

ஆனால் எடை தூக்கினால் அந்த நம்பர் ஏறவே ஏறாது. சட்டை நனைந்து நின்று வாட்சைப் பார்ப்பார்.

"சாவுத கணக்கா ஒரு மணிக்கூர் தூக்குனேன் மக்கா. ரெண்டு கஷணம் கிழங்குக்குக் காணாதே இது."

"வெயிட்டு தூக்குறது வாட்சுக்குத் தெரியாதுண்ணே," என்றார் ஜிம் மாஸ்டர். "அதக் கழத்தி பெட்டியில வையுங்க."

என் வாய் சும்மா இருக்காது. "அத்தான், விடியக்காலத்த ரப்பர் பால் வெட்டப் போவியள்லா? கத்தி பிடிக்கிற கையில கெட்டிப் பாருங்க," என்றேன்.

மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மரத்திலும் கத்தியை இழுத்த இழுப்பையெல்லாம் வாட்ச் எண்ணியிருந்தது. நம்பர் ஆயிரத்தைத் தொட்டிருந்தது. அன்றிலிருந்து மூன்று வேளையும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் கறியும். 'நம்பர்தான் இருக்கே' என்று ரத்தப் பரிசோதனைக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

அக்காள் ஒருநாள் கிழங்கை வடித்துக்கொண்டே சொன்னாள்: "தராசு பொய் சொல்லாது. தூக்கிப் பிடிக்கிற கைதான் பொய் சொல்லும்." நாங்கள் இருவரும் சிரித்தோம். நல்ல சொல் கேட்டால் மனதில் எழுதி வைத்துக்கொள்கிறவன் நான். அதையும் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஜிம்முக்கென்று வாங்கிய புது ஷூ காலைக் கடித்திருக்கிறது. அத்தானுக்கு வலி தெரியவில்லை. காலுறை ஈரமாக இருந்ததை அக்காள்தான் பார்த்தாள். அதற்குள் விரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். ஊசியும் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் வார்டுக்குப் போனேன். போர்வைக்கு மேல் அத்தானின் வலது கை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வலிப்பு ஏதும் வந்துவிட்டதோ என்று பயந்து பக்கத்தில் ஓடினேன். கையை நிறுத்தி, மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தார்.

"இருநூறு ஆச்சு மக்கா. ஒரு நேரக் கஞ்சிக்குக் காணும் இல்லியா?"

கஞ்சி கொண்டுவந்திருந்த அக்காள் பாத்திரத்தைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"கெட்டச் சொன்னவன் நீதானே. நீயே கழத்து."

வாரை அவிழ்த்தேன். அத்தான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நம்பரு பூச்சியம் ஆயிடப்பிடாது, கேட்டியா," என்று மட்டும் சொன்னார்.