எகிப்து ஓட்டுக்குப் புளி போட்டவர்

சங்கச் செயலாளரே, அந்தப் பானை ஓட்டைக் கழுவியது நீங்கள்தான். நான் இல்லை.

கண்டியில் நம் சங்க மண்டபத்து மேல்மாடியில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய தோட்டத் துரை ஒருவரின் பேத்தி வந்து, தாத்தா கப்பலில் வரும் வழியில் எகிப்தில் வாங்கிய பானை ஓடு ஒன்றை அதற்குக் கொடுத்தார். உள்ளங்கை அகலம். மேலே கறுப்பு மையில் நாலு வரி. இரவல் வாங்கிய கழுதையைத் திருப்பி அனுப்பு என்று ஈராயிரம் வருஷத்துக்கு முன் எவனோ எழுதியிருக்கிறான். ஓட்டை வைத்திருந்த அலுமாரியின் சாவி என்னிடம் இருந்தது. நான் பக்கத்து ஊரான வத்தேகமவில் பெயின்ட் கடை வைத்திருப்பவன். சனிக்கிழமைகளில் போய்த் திறந்துவிடுவேன்.

சரஸ்வதி பூசை வந்தது. எழுத்துள்ள எல்லாவற்றையும் அம்மனுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்றீர்கள். கொப்பி, புத்தகம், சங்கத்துக் கம்பியூட்டர் எல்லாம் போயின. ஓட்டிலும் எழுத்து இருக்கிறதே என்று சாவியைக் கேட்டு வாங்கினீர்கள்.

பூசையன்று வந்து பார்த்தேன். ஓடு புதுச்சட்டி மாதிரி இருந்தது. நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். எழுத்தைக் காணோம். குத்துவிளக்குகளோடு சேர்த்து அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள்.

"அழுக்கோட அம்மனுக்கு முன்னால வைக்கிறதா அண்ணே? உண்மையான எழுத்துன்னா கழுவுனா போகுமா?" என்று என்னையே கேட்டீர்கள்.

பிறகு நிர்வாகக் குழு விசாரித்தபோது, சாவிக்காரர் ஈரத்துணியால் துடைத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறீர்கள். இப்போது சந்தைக்குப் போக முடியவில்லை. கத்தரிக்காயைத் தொடப் போனால் மரக்கறிக்காரர் கூடையை இழுத்துக்கொள்கிறார்.

"வேணாம் முதலாளி, நீங்க தொட்டா கலர் போயிடும்."

என் மனைவி கல்யாணச் சான்றிதழைக் கொண்டுபோய் அக்கா வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டாள்.

உங்களுக்குப் போன் எடுத்தேன். "உங்களுக்கென்ன அண்ணே, நீங்க கடைக்காரர். நான் பதவியில இருக்கிறவன், பேர் கெட்டுடும்" என்றீர்கள்.

ஈராயிரம் வருஷ மையையே அழித்தவன் என்று பெயரெடுத்தவனிடம் எவன் வந்து பெயின்ட் வாங்குவான்? போன வாரம் ஒருவர் டின்னைக் கையில் எடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் சிரித்தபடி திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

வருகிற பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடியுங்கள். வரவேற்புரை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அந்த ஓட்டைப் புளி போட்டுத் தேய்த்தது யார்? எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.