கேள்வியில் முடிந்த பதிவு

என் தம்பிக்கு எழுத்துதான் பிழைப்பு. ஆனால் அவன் பெயரில் ஒரு வரிகூட வந்ததில்லை. தொழில் செய்கிறவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில், ஒரு சரக்குக் கிடங்கு முதலாளியின் பெயரில் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு பதிவு போடுவான். நாலு பேர் முதலாளியை மதிக்க வேண்டும், நாற்பது பேர் பேச வேண்டும். அதுதான் அவனுக்கு இட்ட வேலை.

போடுவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டுவான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். "உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்க்கா" என்பான். கேலிதான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு பெருமை. காலையில் நான் சாமி கும்பிட்டு முடிக்கும்வரை போனோடு கதவோரம் காத்திருப்பான். முதல் இரண்டு வரியில் ஆளைப் பிடிக்க வேண்டுமாம். கடைசி வரி கேள்வியாக இருக்க வேண்டுமாம். கமெண்ட் போடுகிறவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் முதலாளி சொல்வதுபோல இவனே பதில் சொல்வான். முதலாளி எதையும் படித்ததில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்பார்.

எழுத விஷயம் கிடைக்காத நாளில் கிடங்குக்குப் போய் லோடுமேன்களிடம் பேச்சுக் கொடுப்பான். அப்படித்தான் ஒருவர், சரக்கு லிஃப்டின் இரும்புக் கயிறு இழை இழையாகப் பிரிகிறது, சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் பதிவு இப்படி வந்தது: "லிஃப்ட் கயிறு பிரிகிறது என்று ஒரு லோடுமேன் என்னிடம் சொன்னார். காது கொடுப்பவனே முதலாளி என்று அன்று கற்றேன். உங்கள் தொழிலாளி கடைசியாக உங்களிடம் சொன்னது என்ன?"

கயிறு என்ற வரியை எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டான். அதுதான் கண்ணில் நிற்கிறது, இருக்கட்டும் என்றேன். பாராட்டு குவிந்தது. முதலாளியை ஒரு கூட்டத்தில் மேடையேற்றிப் பேச வைத்தார்கள். கயிற்றைத்தான் யாரும் மாற்றவில்லை.

நாலாம் மாதம் அது அறுந்தது. மூட்டைகளோடு உள்ளே இருந்தவர் அதே லோடுமேன். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

தன்னிடம் யாரும் எதையும் சொன்னதில்லை என்று முதலாளி விசாரணையில் எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே மேனேஜர் போன் செய்தார்.

"அந்தக் கயிறு பதிவை உடனே எடுத்துடு. நாளைக்கு எட்டு மணிக்கு ஒரு அஞ்சலி போடு. கடைசில கேள்வி வேணாம்."

தட்டில் போட்ட சோறு காய்ந்துகொண்டிருந்தது. தம்பி போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எடுத்துட்டா வேலை இருக்கும்க்கா. எடுக்கலன்னா அந்த லோடுமேன் சம்சாரம் கையில ஒரு சாட்சி இருக்கும். நீ என்ன சொல்ற?"

"அந்த வரி இருக்கட்டும்னு சொன்னவளே நான்தானடா. எடுக்காத."

மறுநாள் அந்தப் பதிவை பிரின்ட் எடுத்துக்கொண்டு இருவரும் லோடுமேன் வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை. வாசலில் அவருடைய செருப்பு, குதிகால் தேய்ந்து, ஒரு வார் மட்டும் புதிதாக. அவர் மனைவி காகிதத்தை விரல் வைத்துப் படித்தார்.

"இதை முதலாளியா எழுதுனாரு?"

"இல்லம்மா. நான்தான்."

"அப்ப உங்ககிட்டதான் சொல்லியிருக்காரு."

"ஆமாம்மா."

"சொன்னப்புறம், மாத்துனாங்களான்னு ஒரு தடவை போய்ப் பாத்தீங்களா?"

தம்பி தலை குனிந்தான். அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். வரியை மெச்சிய நான், கயிறு என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்தம்மா காகிதத்தை நாலாக மடித்து, புருஷன் போட்டோவுக்குப் பின்னால் செருகிவிட்டு, எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எங்களால் அதைக் குடிக்க முடியவில்லை.

தம்பிக்கு வேலை போய்விட்டது. வழக்கு நடக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் போய் நின்று, கேட்டதும் நான்தான், போய்ப் பார்க்காததும் நான்தான் என்று சொல்லிவிட்டு வருகிறான். முதலாளி அந்தப் பதிவைப் படித்ததே இல்லை என்கிறார் அவருடைய வக்கீல். அது பொய்யில்லை என்பதுதான் எங்களைத் தின்கிறது.

அந்த லோடுமேனுக்காகவும் தம்பிக்காகவும் தினமும் கும்பிடுகிறேன். கண் திறந்தால் கதவோரம் போனோடு யாரும் இல்லை.