அணைத் தண்ணீரில் வெந்த பிரியாணி

எங்கள் ஊரிலிருந்து மலையணைக்கு உல்லாசமாகப் போகிறவர்கள் காலிக் கேன்களையும் மறக்காமல் எடுத்துச் செல்வார்கள். பிள்ளைகளுக்குப் படகு, பெரியவர்களுக்கு மதகடியில் குளியல், திரும்பும்போது வாரம் முழுவதற்குமான குடிநீர். ஆலய ஆராதனை முடிந்த ஞாயிறுகள் எங்களுக்கு அப்படித்தான் கழிந்தன.

அந்த ஆண்டு சித்தப்பாவுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரர் ஒருவரின் மகள். அவர்கள் முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்ததால், இரு வீட்டாரும் அணையில் ஒருநாள் கூடலாம் என்று அம்மா யோசனை சொன்னாள். சித்தப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை, பெருமையெல்லாம் பிரியாணியில். புளியமரத்தடியில் அவரே அடுப்பு மூட்டி, அணைத் தண்ணீரில் அரிசியை வேகவிட்டு, வீட்டில் போடும் அதே அளவு உப்பைப் போட்டார்.

ரயில்வேக்காரர் ஒரு வாய் உண்டார். கத்தரிக்காய்க் குழம்பை அள்ளி ஊற்றிக்கொண்டார்.

"இன்னா தம்பி, உப்பு ரொம்ப கம்மியா இருக்கே?" என்றாள் பெண்ணின் அத்தை.

சித்தப்பாவின் முகம் வாடியது. பாசத்தால் பொறுக்க முடியாமல் நான் எழுந்து சாட்சி சொன்னேன். "தப்பு சித்தப்பாது இல்ல. எங்க ஊட்டு போர் தண்ணியே உப்பு. கொஞ்சமா போட்டா போதும். இந்தத் தண்ணிதான் சப்புன்னு இருக்கு!"

பிரியாணியின் மானம் தப்பியது. கல்யாணம்தான் ஆபத்தில் விழுந்தது. உப்புத் தண்ணீர் ஊருக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"குழாய்ல நல்ல தண்ணி வராதா?" என்றார் ரயில்வேக்காரர்.

"எப்பவாச்சும் உடுவாங்க சார்." சித்தப்பாவுக்குப் பொய் சொல்ல வராது.

அதுவரை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "வாராவாரம் என்னை இங்க இட்டுனு வருவாரா, கேளுப்பா. தண்ணியும் ஆச்சு, போட்டு சவாரியும் ஆச்சு. ஆனா கேன் அவருதான் தூக்கணும்."

ரயில்வேக்காரர் சிரித்துவிட்டார். மறுசோறும் கேட்டார்.

அதன்பின் ஞாயிறுதோறும் சித்தப்பாவின் பைக்கில் இருபுறமும் கேன்கள், பின்னால் சித்தி. ஈரத் தலையோடு சிரித்தபடி திரும்புவார்கள். எங்கள் ஊர் மண்ணில் உப்பை வைத்தவர் கடவுள் என்றே நான் நம்பியிருந்தேன். மற்ற நாட்களில் ஷெட்டிலிருந்து வரும் சித்தப்பா, உப்பிட்டு வரும் பச்சைத் தோல்களைக் கையாண்டதில் பேண்ட்டில் ஒட்டிய உப்பைப் போர்க்குழாய் அருகே நின்று தட்டிவிடுவார். ஷெட்டிலிருந்து அன்றாடம் ஊர் மண்ணில் கழுவிவிடப்படும் உப்பில் அது ஒரு சிட்டிகை. வெள்ளையாய்ச் சிதறிக் கிடக்கும் அதில், அடுத்த ஞாயிற்றை எண்ணிக்கொண்டு, நான் விரலால் படகு வரைவேன்.