ஆவணி பிறந்து பன்னிரண்டு நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில், மில் வேலை முடிந்து நானும் கூட வேலை பார்த்த ஒரு பையனும் ஒரே பாகூர் பஸ்ஸில் வீடு திரும்புவோம். மழமழவென்று சவரம் செய்த முகம், விரலில் கல்யாண மோதிரம். ஆடிக்கென்று தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட அவன் புதுப் பெண்டாட்டி, வழியில் அரியாங்குப்பத்தில் இருந்தாள். அந்த நிறுத்தம் வருமுன் அவன் தினமும் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு மாறிவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஆவணி பொறந்து பன்னெண்டு நாள் ஆச்சே தம்பி, இன்னும் கூட்டிட்டு வரலையா?"

"அம்மா இன்னும் சொல்லலைங்க."

அன்றைக்கே அரியாங்குப்பத்தில் அவள் பையோடு ஏறி, அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வீட்டுக்குத்தான் வரேன். நகந்து உக்காருங்க."

அவனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "அம்மாவக் கேக்காம எப்படி? எறங்கு. கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்."

"அப்ப உங்கம்மாவையே பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசில் ஊதாமல் பொறுத்துப் பார்த்தார். மூன்று பேர் உட்காரும் சீட்டில் அவன் ஒருத்தன்தான் இருந்தான். ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அவள் இறங்கிவிட்டாள்.

பஸ் கிளம்பியதும் அவன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் பேசியதைக்கூட நான் மறந்துவிடுவேன். அந்த அழுகையைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.